வார்டில் முதல் வருடம்: எப்போது கூப்பிட வேண்டும்?

கவுன்சிலில் பதிவு முடிந்து, அடையாள அட்டையில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று அச்சாகி, முதல் டியூட்டிக்கு வருகிறவருக்கு வார்டு புதிய இடம் அல்ல. படிக்கும்போதே டி.பி.ஆர். எடுத்திருக்கிறார், படுக்கை விரித்திருக்கிறார், டிரெஸ்ஸிங்குக்கு உதவியிருக்கிறார், பிரசவம் பார்த்து கேஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மூன்று வருட டிப்ளமோவோ நான்கு வருட பி.எஸ்ஸி.யோ, இந்த வேலைகளுக்குக் கை பழகித்தான் வெளியே வருகிறோம். புதியது ஒன்றுதான். இதுவரை பின்னால் ஒரு ட்யூட்டர் நின்றார். இன்றிலிருந்து மருந்துத் தாளில் விழுவது நம் கையெழுத்து.

படிப்பில் இரண்டு நோயாளிகளைக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் பராமரிப்புத் திட்டம் எழுதச் சொன்னார்கள். வார்டில் யாரும் அப்படிப் பிரித்துக் கொடுப்பதில்லை. இந்தியச் செவிலியர் கவுன்சில் வகுத்த அளவுப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியரும், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவரும் இருக்க வேண்டும். அந்த அளவுக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் நைட் டியூட்டி பார்த்த எவருக்கும் தெரியும். ஆள் பற்றாக்குறைக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் அதற்கு நடுவில்தான் வேலை பழகப்போகிறீர்கள். மனதை அதற்குத் தயார்செய்துகொண்டே வாருங்கள்.

புதிதாக வந்தவரைப் பற்றி வார்டில் இரண்டு கேள்விகள் உடனே எழும். “லைன் போடுவாங்களா?” “தனியா சமாளிப்பாங்களா?” இந்த இரண்டையும் வைத்தே பெரும்பாலும் ஆளை எடைபோடுகிறார்கள். புதியவரும் அதையே நம்பி, யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் தனியாக முடிப்பதுதான் திறமை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறார். இது ஆபத்தான நம்பிக்கை. கான்யூலா போடுவது சில மாதங்களில் எல்லோருக்கும் கைவந்துவிடும். அதில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு சின்னது: இரண்டு முறை முயன்றும் வெயின் கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது முறை நீங்கள் குத்தக் கூடாது, சீனியரைக் கூப்பிட வேண்டும். முதல் வருடத்தில் வர வேண்டிய பெரிய திறன் நோயாளியிடம் தெரியும் மாற்றத்தைக் கண்டுகொள்வதும், உரிய நேரத்தில் உரிய ஆளைக் கூப்பிடுவதும். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

படிப்பு இருந்தும் ஏன் தடுமாறுகிறோம்?

அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் பட்ரீஷியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூலில், ஒரு செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒன்றும் தெரியாத புதியவர், ஓரளவு பழகியவர், தகுதி பெற்றவர், தேர்ந்தவர், வல்லுநர் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் ஆராய்ந்து டிரைஃபஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாதிரியைத்தான் அவர் வார்டுக்குக் கொண்டுவந்தார். படிப்பை முடித்து வேலைக்கு வருகிறவர் இரண்டாம் படியில் நிற்கிறார். ஒரே மாதிரியான சூழலில் இரண்டு மூன்று வருடம் வேலை செய்த பிறகே மூன்றாம் படி வருகிறது என்றார் பென்னர்.

இரண்டாம் படியின் அடையாளம், எல்லா வேலையும் ஒரே அளவு முக்கியமாகத் தெரிவது. இரவு பத்து மணி என்று வைத்துக்கொள்வோம். நாலாம் பெட்டில் டிரிப்ஸ் முடிந்துவிட்டது என்று அட்டெண்டர் வந்து நிற்கிறார். ஒன்பதாம் பெட்டுக்கு பெட்பான் வேண்டும். நாளைக் காலை ஆபரேஷனுக்குப் போகிறவரின் ரத்தக் குறிப்பு இன்னும் கேஸ் ஷீட்டில் சேரவில்லை. பன்னிரண்டாம் பெட் நோயாளி புரண்டுகொண்டே இருக்கிறார், போர்வையைத் தள்ளுகிறார், எழுந்து உட்காருகிறார். புதியவர் கூப்பிட்ட வரிசையில் போவார். பழகியவர் மற்றவர்களிடம் “இதோ வர்றேன்” என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டாம் பெட்டுக்குப் போவார். காரணமில்லாமல் ஒருவர் அலைமோதினால் மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லையோ, எங்காவது ரத்தம் கசிகிறதோ, சிறுநீர் அடைத்திருக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வருகிறது. இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலும் இருந்தது. ஆனால் அலைமோதும் மனிதரை நேரில் பல முறை பார்த்த பிறகுதான், கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

பென்னர் சொன்ன இன்னொன்றை நம் மருத்துவமனைகள் காதில் வாங்குவதே இல்லை. இந்தத் திறன் இடத்தோடு ஒட்டியது. எலும்பு வார்டில் கைதேர்ந்தவரைத் திடீரென்று குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிறுத்தினால் அவர் கீழ்ப்படிக்கு இறங்கிவிடுகிறார். வேலைக்குச் சேர்ந்தவரை வாரம் ஒரு வார்டுக்கு மாற்றி, ஆள் இல்லாத இடத்துக்கெல்லாம் அனுப்புவது அவருக்கு எல்லாம் கற்றுத்தரும் என்பது தவறு. எந்த வார்டிலும் வேர்பிடிக்க விடாமல் அது அவரைக் கீழ்ப்படியிலேயே வைத்திருக்கும். கேட்கும் வாய்ப்பு இருந்தால், முதல் ஆறு மாதமாவது ஒரே வார்டு வேண்டும் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும், கேட்டது பதிவாகட்டும்.

டியூட்டி எடுத்த முதல் அரை மணி நேரம்

ஓவர் எடுக்கும்போது நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். முடிந்தவரை படுக்கை படுக்கையாக நடந்து ஓவர் எடுங்கள். “டிரெயின் நல்லா இருக்கு” என்று சொல்லும்போதே டிரெயின் பையில் என்ன நிறத்தில், எவ்வளவு இருக்கிறது என்று உங்கள் கண் பார்த்துவிட வேண்டும். போன டியூட்டி அக்காவுக்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இருக்கும். அவர் கிளம்பிய பிறகு வருகிற சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஓவர் முடிந்ததும் மருந்து டிரேயை எடுக்கும் முன் ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் அரை நிமிடம் போதும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரும் விதத்திலேயே நினைவு, மூச்சு, வலி மூன்றும் தெரிந்துவிடும். பிறகு மேலிருந்து கீழாக ஒரு பார்வை: ஆக்சிஜன் மாஸ்க் முகத்தில் இருக்கிறதா, தலையணையில் கிடக்கிறதா? டிரிப்ஸ் ஓடுகிறதா? கான்யூலா போட்ட இடம் சிவந்து வீங்கியிருக்கிறதா? கட்டு நனைந்திருக்கிறதா? யூரின் பையில் எவ்வளவு? பெரியவர்களுக்கு மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லியாவது சிறுநீர் போக வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 30 மில்லி. ஆறு மணி நேரத்தில் 180 மில்லிகூட இல்லை என்றால், முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை என்றால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அப்போதே சொல்லியாக வேண்டும்.

இந்தச் சுற்றில் உங்களுக்கு உதவ ஒருவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறார். நம் ஊர் மருத்துவமனைகளில் அட்டெண்டர் இல்லாத நோயாளி அபூர்வம். அவர்களை இடைஞ்சலாகப் பார்க்கும் பழக்கம் வார்டில் வேரூன்றியிருக்கிறது. ஆனால் நோயாளி நேற்று எப்படி இருந்தார், வீட்டில் எப்படி இருப்பார் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். “அப்பா ஒரு மாதிரி பேசுறார் சிஸ்டர், எப்பவும் இப்படி இருக்க மாட்டார்” என்று ஒரு மகள் சொன்னால், மானிட்டர் தருகிற எண்ணுக்குச் சமமாக அதை மதியுங்கள். புதிதாக வந்த குழப்பப் பேச்சு என்பது உடல் மோசமாகிறது என்பதற்கான மருத்துவ அறிகுறி. ஒரு நிமிடம் நின்று, “எப்பலேர்ந்துப்பா இப்படி?” என்று கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

மூச்சை எண்ணுங்கள்

டி.பி.ஆர். தாள்களைப் புரட்டினால், வார்டு முழுவதும் எல்லோரும் நிமிடத்துக்கு 20 முறை மூச்சு விடுவது போல் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். காய்ச்சல், நாடி, பி.பி. எல்லாம் அளந்து எழுதப்படுகின்றன. மூச்சு மட்டும் உத்தேசமாக எழுதப்படுகிறது. உடல் மோசமாகும்போது சீக்கிரமாக மாறுகிற அளவுகளில் மூச்சு வேகம் ஒன்று. பி.பி. இறங்கும்வரை காத்திருந்தால் பல மணி நேரத்தை இழந்திருப்போம். நாடி பிடித்தபடியே, நோயாளிக்குத் தெரியாமல், முழு நிமிடம் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். முதல் வருடத்தில் பழகிக்கொள்ள இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள பழக்கம் எனக்குத் தெரியவில்லை.

லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டு, 2017இல் திருத்தியது. நியூஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறதா, சிஸ்டாலிக் பி.பி., நாடி, நினைவு, காய்ச்சல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. உங்கள் மருத்துவமனையில் இது நடைமுறையில் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதியவரின் கண்ணுக்கு அது பயிற்சி தருகிறது.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூச்சு 24, நாடி 112, சிஸ்டாலிக் 104, காய்ச்சல் 100.8 டிகிரி ஃபாரன்ஹீட், ஆக்சிஜன் வைக்காமல் அளவு 95. தெளிவாகப் பேசுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் பயமுறுத்தாது. ‘ஆபரேஷன் ஆனவருக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருக்கத்தானே செய்யும்’ என்று கடந்துவிடத் தோன்றும். மதிப்பெண் போட்டால் மூச்சுக்கு 2, நாடிக்கு 2, பி.பி.க்கு 1, காய்ச்சலுக்கு 1, ஆக்சிஜனுக்கு 1. மொத்தம் 7. அந்த முறையில் 5 வந்தாலே அவசரமாக டாக்டர் பார்க்க வேண்டும், 7 வந்தால் நெருக்கடி நிலை. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவத் தொடங்கியிருக்கலாம், தையல் விட்டு உள்ளே கசிந்திருக்கலாம். அது எது என்று கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. அவரை இப்போதே வரவழைப்பது உங்கள் வேலை.

இரவு இரண்டு மணிக்கு எப்படிப் பேசுவது

புதியவர்களுக்கு ஊசியைவிட அதிகப் பயம் போனில்தான். தூக்கத்தில் இருப்பவரை எழுப்புகிறோமே, திட்டுவாரோ, ‘இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க’ என்பாரோ என்று தயங்கித் தயங்கி ஒரு மணி நேரம் போய்விடுகிறது. தயக்கத்தைக் குறைக்க ஒரே வழி, கூப்பிடும் முன்பே என்ன சொல்லப்போகிறோம் என்று எழுதிவைத்துக்கொள்வது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இருக்கிறது, எஸ்பார் என்பார்கள். இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, உங்களிடம் எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கும் வரிசையாக வர வேண்டும். மேலே சொன்ன நோயாளிக்காகப் பேசினால் இப்படி இருக்கும்:

“சார், ஆண்கள் சர்ஜிக்கல் வார்டுலேர்ந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். பன்னெண்டாம் பெட் பேஷண்டுக்கு மூச்சு 24, பல்ஸ் 112, பி.பி. 104, டெம்பரேச்சர் 100.8. சாயங்காலம் மூச்சு 18, பல்ஸ் 88தான் இருந்தது. குடல் ஆபரேஷன் முடிஞ்சு இது ரெண்டாவது நாள். வயிறு இறுகியிருக்கு, யூரினும் குறைஞ்சிருக்கு. எனக்கு செப்சிஸா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு சார். நீங்க இப்ப வந்து பாக்கணும். அதுக்குள்ள இன்னொரு லைன் போட்டு பிளட் எடுத்து வைக்கட்டுமா?”

முப்பது நொடிக்குமேல் ஆகாது. கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் புதியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். எண்களை மட்டும் ஒப்பித்துவிட்டு நிறுத்தினால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் “பாராசிட்டமால் குடுங்க, காலைல பாக்கலாம்” என்று வைத்துவிட வாய்ப்புண்டு. ‘வந்து பார்க்க வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. “வர்றேன்” என்று மட்டும் பதில் வந்தால், “எத்தனை மணிக்குன்னு நோட்ஸ்ல எழுதிக்கட்டும் சார்?” என்று பணிவாகக் கேளுங்கள். கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் உடனே எழுதுங்கள். வரவில்லை என்றால் அடுத்த ஆள் யார்? பி.ஜி.யா, அசிஸ்டண்டா, யூனிட் சீஃபா, நைட் சூப்பரவைசரா? இந்த வரிசையும் எண்களும் டியூட்டிக்கு வந்த முதல் நாளே உங்கள் கைநோட்டில் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தேடக் கூடாது.

போனில் மருந்து சொன்னால் பெயர், அளவு, கொடுக்கும் வழி மூன்றையும் திரும்பச் சொல்லி “ஆமா” வாங்கிக்கொண்டு எழுதுங்கள். 15, 50 போன்றவை காதில் ஒன்றுபோல விழும். ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள்.

மருந்து டிரேயின் முன்

மருந்து கொடுப்பது பற்றி இந்த நூலில் தனி அத்தியாயம் இருக்கிறது. இங்கே முதல் வருடத்துக்காரர்கள் சறுக்குகிற சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

இன்சுலின் முதலில். நம் நாட்டில் வயலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா கார்ட்ரிட்ஜில் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட், 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். நோயாளிக்குப் போக வேண்டியதைவிட இரண்டரை மடங்கு. கோமாவுக்குக் கொண்டுபோக அது போதும். வயலின் லேபிளையும் சிரிஞ்சின் மூடியையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்காமல் இன்சுலின் இழுக்காதீர்கள்.

அடுத்தது பொட்டாசியம் குளோரைடு. 10 மில்லி ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலண்ட் இருக்கிறது. கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அவ்வளவுதான். மற்ற ஆம்பியூல்களோடு ஒரே டிரேயில் அதைப் பார்த்தால், எடுத்துத் தனியாகப் பூட்டி வைக்கச் சொல்லி இன்சார்ஜிடம் கேளுங்கள். புதிதாக வந்தவர் கேட்கலாமா என்று யோசிக்க வேண்டாம். பழகிய கண்ணுக்குத் தெரியாமல் போனது புதிய கண்ணுக்குத்தான் தெரியும்.

டிரிப்ஸ் வேகத்தைக் கண்மதிப்பில் விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கணக்கு எளிது. மில்லி அளவை, செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 500 மில்லி எட்டு மணி நேரத்தில், 20 சொட்டு செட்டில் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. இதயமோ சிறுநீரகமோ பலவீனமான முதியவருக்கு இந்தக் கணக்கு தப்பினால் விடிவதற்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

தவறு நடந்துவிட்டால்? யாருக்கும் நடக்கலாம் என்று சொல்லிக் கடந்துபோகவும் கூடாது, மறைக்கவும் கூடாது. முதலில் நோயாளியைப் பாருங்கள், வைட்டல்ஸ் எடுங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், பிறகு இன்சார்ஜிடம். என்ன கொடுத்தது, எத்தனை மணிக்கு, பிறகு என்ன செய்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எழுதியதை அடித்துத் திருத்தாதீர்கள். உடனே சொன்ன தவறுகளில் பலவற்றுக்கு மாற்று மருந்தோ வேறு வழியோ உண்டு. இரண்டு மணி நேரம் மறைத்த தவறுக்கு இல்லாமல் போகலாம்.

கையில் ஊசி குத்திவிட்டாலும் இதே முறைதான். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்துக்குமேல் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடித்துவிட்டு வேலைக்குச் சேருங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக

மேலே சொன்னதெல்லாம் பக்கத்தில் சீனியரும் கூப்பிடு தூரத்தில் டாக்டரும் இருக்கும் இடத்துக்கு. தமிழ்நாட்டில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறை வைத்து நியமிக்கும் ஏற்பாடு வந்தது. கிராமத்துப் பெண்களுக்கு அது பெரிய நன்மை. ஆனால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வாகி, அப்படியொரு நிலையத்தில் முதல் நியமனம் கிடைத்தவர், இரவில் ஒரு பணியாளரோடு தனியாக நிற்கிறார். அங்கே ‘எப்போது கூப்பிடுவது’ என்பதன் பொருள், ‘எப்போது 108ஐ வரவழைத்து சீமாங்க் மையத்துக்கு அனுப்புவது’ என்பதாகிறது.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடும்போது உண்மையில் போனதைவிடக் குறைவாகவே தோன்றும். துணியிலும் தரையிலும் போனது கணக்கில் வருவதில்லை. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்டுவிட்டு, கையை வயிற்றின் மேல் வைத்துக் கர்ப்பப்பை கட்டிப்பட்டிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பாருங்கள். இளம் தாயின் பி.பி. வெகு நேரம் தாக்குப்பிடித்து, பிறகு ஒரேயடியாக விழும். அதற்கு முன்பே நாடி ஏறத் தொடங்கும். நாடி ஏறும்போதே ஒரு கை வயிற்றைத் தேய்க்க, இன்னொருவரை 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். 500 மில்லி ஆகிவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். வண்டி வருவதற்குள் ரத்தம் நின்றுவிட்டால் நல்லதுதான். வீணாக ஒரு வண்டியை வரவழைத்ததற்கு யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்ல அந்தத் தாய் உயிரோடு இருப்பாள்.

வலிப்பு வந்த கர்ப்பிணிக்கும் இதே வேகம் வேண்டும். மெக்னீசியம் சல்பேட் ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், ஆக மொத்தம் 10 கிராம் தசையில் ஆழமாகப் போட்டு அனுப்புவது முதல் உதவி. அடுத்த தவணை போடும் இடத்தில் நீங்கள் வேலை செய்தால், முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு 16க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லி போகிறதா என்று பார்க்காமல் போடாதீர்கள். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி ஆம்பியூல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மூச்சை எண்ணும் பழக்கம் இங்கே ஓர் உயிரைக் காக்கும்.

மூன்றாம் மாதத்துச் சோர்வு

மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1974லேயே இதை எழுதினார்: சேர்ந்த புதிதில் உற்சாகம், பிறகு படித்ததற்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளி தரும் அதிர்ச்சி, அதன் பிறகு மெல்ல மீள்வது. நம் வார்டுகளிலும் இந்த வரிசையைப் பார்க்கிறோம். சேர்ந்து சில மாதத்தில் ஒரு நாள், ‘நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை’ என்று ஹாஸ்டல் அறையில் அழுதபடி உட்கார்ந்திருப்பீர்கள். அந்த முடிவை அந்த மாதத்தில் எடுக்காதீர்கள். அப்போது உங்களுக்குத் தெரிவது உங்கள் குறை அல்ல, எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதன் முழு அளவு. முதல் வாரத்தில் அது தெரியவில்லை, அதனால்தான் உற்சாகம் இருந்தது.

அந்த நாட்களைக் கடக்க ஒரு சின்ன நோட்டு உதவும். டியூட்டி முடிந்ததும் மூன்று வரி போதும். இன்று என் கண்ணில் பட்ட மாற்றம் என்ன? எனக்குப் புரியாமல் போனது என்ன? யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார்? நோயாளியின் பெயர் வேண்டாம், படுக்கை எண்கூட வேண்டாம். புரியாமல் போன அந்த ஒன்றை மட்டும் அன்றே புத்தகத்தில் படியுங்கள். நேரில் பார்த்த நோயாளியோடு சேர்த்துப் படித்தது மறக்காது. சில மாதம் கழித்துப் புரட்டினால், எதைக் கண்டு திகைத்தோமோ அதையெல்லாம் இப்போது யோசிக்காமல் செய்கிறோம் என்று நீங்களே பார்ப்பீர்கள். அனுபவம் என்பது கழிந்த மாதங்களின் எண்ணிக்கை என்று நினைத்தால், எதையும் கவனிக்காமலேயே பத்து வருடம் ஓட்டிவிடலாம்.

தூக்கம், சாப்பாடு பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தொடர் நைட் முடித்து, அடுத்த நாளே ஓவர்டைம் பார்க்கச் சொன்னால் முடியாது என்று சொல்லப் பழகுங்கள். தூங்காத கண் டிரிப்ஸ் சொட்டைக்கூடச் சரியாக எண்ணாது.

சேரும் முன் கேட்க வேண்டியது, சேர்த்துக்கொள்கிறவர்கள் செய்ய வேண்டியது

வேலை தேடும்போது சம்பளத்தோடு சேர்த்து இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். எத்தனை நாள் பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லித்தருவார்? தனியாக நைட் எப்போது போடுவீர்கள்? எந்த வார்டு, எவ்வளவு காலம்? இங்கிலாந்தில் புதிதாகப் பதிவுபெற்ற செவிலியருக்கு ஓர் அனுபவசாலியைத் துணையாகக் கொடுத்து, முதல் வருடத்தில் பல மாதம் கூடவே நடத்தும் முறை இருக்கிறது. நம் ஊரிலிருந்து அங்கே போகும் அனுபவசாலிகளுக்குக்கூட அந்தத் துணை கிடைக்கிறது. இங்கே ஒரு மருத்துவமனை ‘முதல் நாளிலிருந்தே வார்டை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெருமையாகச் சொன்னால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

கடைசியாக, இந்த நூலைக் கையில் எடுத்திருக்கும் இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கும் சீனியர் அக்காக்களுக்கும். கூப்பிடுவதுதான் முதல் வருடத்தின் திறன் என்று உங்கள் ஜூனியர்களிடம் இவ்வளவு பக்கம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கூப்பிட்டபோது “இதுகூடத் தெரியாதா? என்ன படிச்சுட்டு வந்தே?” என்று நீங்கள் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டால், நான் எழுதியது அத்தனையும் வீண். அடுத்த முறை அந்தப் பெண் கேட்க மாட்டாள். நோயாளி மோசமாகிக்கொண்டிருக்கும்போதும் கேட்க மாட்டாள். பதில் சொல்ல நேரமில்லை என்றால், “அஞ்சு நிமிஷம் கழிச்சு வா, நானே கூட வந்து பாக்குறேன்” என்று சொல்லுங்கள். போய்ப் பாருங்கள். நீங்கள் ஏன் அந்தப் படுக்கைக்கு முதலில் போனீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அது எந்தப் பாடப்புத்தகத்திலும் அவளுக்குக் கிடைக்காது. இன்னொன்று, அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் போடும்போது புதியவர்கள் இரண்டு பேரை ஒரே நைட்டில் சேர்த்துப் போடாதீர்கள்.